இரண்டு நிமிடப் பேச்சு

"உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தெய்வமணி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என் வீடு கல்லடியில் இருக்கிறது" என்று அன்னப்பூரணியும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்."

"பாலத்துக்குப் பக்கத்தில்."

"இன்னும்."

அன்னப்பூரணி கூரையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், தன் கைப்பையைப் பார்த்தாள். "வாடகை வீடு" என்றாள்.

சுவர் மணிக்கூட்டின் சிவப்பு முள் பாதிச் சுற்றுக்கூட வரவில்லை. வர வேண்டியது இரண்டு முழுச் சுற்று. தெய்வமணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். காலையிலிருந்து பள்ளிக்கூடத்தில் கத்திய தொண்டை கரகரத்தது. பின்னேரத்தில் கொஞ்சம் படுத்து எழும்பலாம் என்று தினமும் நினைப்பாள். தினமும் நாலு மணிக்கு முன்விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு சோடிச் செருப்பு வந்து விழும். எல்லாம் வெளிநாட்டுக்குப் புறப்பட நிற்கிற செருப்புகள்.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் மாரிகாலம். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது முறிந்து, வாகரைப் பக்கம் செல் விழுகிற சத்தம் மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. கால் முளைத்தவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போக நினைத்தார்கள். அப்படிப் போக நினைத்தவர்களின் குறுக்கே ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற சோதனை நந்தி மாதிரிப் படுத்துக் கிடந்தது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று அதற்கு நாலு பகுதி. முதல் மூன்றிலும் மட்டக்களப்பார் எப்படியோ முக்கி முனகித் தேறிவிடுவார்கள். நாலாவதில்தான் விழுவார்கள். சோதிப்பவர் ஒரு அட்டையைக் கொடுப்பார். அதில் ஒரு விசயம் எழுதியிருக்கும். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இரண்டு நிமிடம் நிறுத்தாமல் அதைப் பற்றிப் பேச வேண்டும். அவ்வளவுதான். வெள்ளைக்காரன் இதை ஒரு சோதனை என்று வைத்திருக்கிறானே என்று சிரிப்பு வரும். ஆனால் தெய்வமணியின் வகுப்பில் அந்த இரண்டு நிமிடத்தைக் கடந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆங்கிலம் வராமல் இல்லை. காத்தான்குடியிலிருந்து வருகிற றவூப் ஆங்கிலப் பத்திரிகையைக் கரைத்துக் குடித்தவன். அவனிடம் "உங்களுக்குப் பிடித்த சாப்பாடு என்ன?" என்று கேட்டால் "சோறு" என்பான். "ஏன் பிடிக்கும்?" என்றால் "பசிக்கும்" என்பான். அதற்கு மேல் குறடு போட்டு இழுத்தாலும் ஒரு சொல் வராது.

இது ஊரோடு வந்த பழக்கம். எங்கேயிருந்து வாறாய், எங்கே போறாய், எதுக்கு என்று றோட்டை மறித்து நிற்கிற ஆமிச் சென்றியில் மூன்று கேள்வி கேட்பார்கள். மூன்றுக்கும் மூன்று சொல்லில் பதில் சொல்லிவிட்டு வாயை மூடவேண்டும். நாலாவது சொல் வந்தால், அந்தச் சொல்லைப் பிடித்து அவன் பத்துக் கேள்வி கேட்பான். இன்றைக்குச் சொன்னதையே நாளைக்கும் சொல்ல வேண்டும், ஒரு எழுத்தும் கூடாமல் குறையாமல். பிள்ளைக்குச் சோறூட்டும்போதே தாய்மார் இதையும் ஊட்டிவிட்டார்கள். இப்படி வளர்ந்தவர்களைக் கூப்பிட்டு, உன்னைப் பற்றி விரிவாகச் சொல்லு, குடும்பத்தைப் பற்றிச் சொல்லு, அடிக்கடி போகிற இடத்தைப் பற்றிச் சொல்லு என்றால் எங்கேயிருந்து சொல்வார்கள்?

குடும்பம் என்றதும் இன்னொரு சங்கதி. தெய்வமணியின் வகுப்பில் யாரிடம் சகோதரர்களைப் பற்றிக் கேட்டாலும் ஒரு அண்ணனோ தம்பியோ அரபு நாட்டில், கட்டாரில் இருப்பான். எந்த ஊரில், என்ன வேலை என்று கேட்டால் முகம் மாறும். மட்டக்களப்பிலிருந்து அத்தனை பொடியன்களும் உண்மையில் போயிருந்தால் கட்டார் கொள்ளாது. தெய்வமணி இரண்டாவது கேள்வி கேட்கமாட்டாள். அவளிடம் யாராவது கேட்டால் அவளும் அதைத்தான் சொல்வாள். தம்பி கட்டாரில். நாற்பத்தொரு வயது, கலியாணம் இல்லை, தாய் தகப்பன் இல்லை, தம்பி கட்டாரில். அவளுடைய குடும்பக் கதைக்கு இரண்டு நிமிடம் அதிகம்.

*

அன்னப்பூரணி ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்ட்டில் நேர்ஸ். பெரியகல்லாற்றுக்காரி. புருசனைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. மகள் சுவேந்தினியும் அவளும் மட்டும். இங்கிலாந்தில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை தயாராக இருந்தது. நாலு பகுதியிலும் தலா ஏழு புள்ளி எடுத்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டு தரம் சோதனை எழுதினாள். முதல் தரம் பேச்சில் ஆறு. இரண்டாம் தரம் ஆறரை. தை மாதத்துக்குப் பிறகு அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அங்கேயிருந்து எழுதிவிட்டார்கள். ஆக இதுதான் கடைசித் தரம்.

வேலைக்காக மட்டும் அவள் இப்படிப் பறக்கவில்லை. சுவேந்தினிக்குப் பதினைந்து முடிந்திருந்தது. இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்கிற துவக்குக்காரர் வீடு வீடாக வந்து, எத்தனை பேர், எத்தனை வயது என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ரியூசனுக்குப் போன பிள்ளையின் சைக்கிள் மட்டும் வேலியோரம் நின்றது. அன்னப்பூரணியின் வீட்டுக்கும் ஒருதரம் வந்தார்கள். "மகள் கல்லாத்தில, சொந்தக்காரர் வீட்டில" என்று அவள் சொன்னாள். அந்த நேரம் மகள் நெல்மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தாள்.

"டீச்சர், எனக்கு இது வராது" என்றாள் அன்னப்பூரணி, அன்றைக்கு மற்றவர்கள் போன பிறகு. "வார்ட்டில ரெண்டு நாள் தொடந்து நிண்டு வேலை செய்யச் சொல்லுங்க, செய்வன். இருந்து கதைக்கச் சொன்னா நாக்கு ஒட்டிக்கொள்ளுது."

"பொய்யாவது சொல்லுங்க கா. வீட்டில மாமரம் நிக்கி, நாய் வளக்கன் எண்டு அடிச்சு விடுங்க. அவன் வந்தா பாக்கப்போறான்?"

"பொய்ய நீட்டிச் சொல்ல ஏலாது டீச்சர். நீட்டினா மாட்டிக்கொள்ளுவம்."

அவள் சொன்னதில் பிழையில்லை. தெய்வமணிக்குக் களைப்பில் எரிச்சல் வந்தது. இந்த வகுப்பை விட்டுத் தொலைத்துவிட்டு ஒரு மாதம் படுத்துக் கிடந்தால் என்ன என்று நினைத்தாள். பிறகு நெல்மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்த பிள்ளை நினைவுக்கு வந்தது.

"அன்னம், டியூட்டி மாறக்குள்ள என்ன செய்வீங்க?"

"அடுத்த ஆளுக்கு வார்ட்டப் பாரம் குடுக்கிறது."

"எப்படிக் குடுப்பீங்க?"

"கட்டில் கட்டிலாப் போய்ச் சொல்லுவம். இவருக்கு ராத்திரிக் காய்ச்சல், ரெண்டு தரம் சத்தி, காயத்தில ஊனம் வடியுது, மகள் வந்து அழுதிட்டுப் போனா, அவரு சாப்பிட மாட்டன் எண்டு அடம் பிடிக்காரு, மெதுவாச் சொன்னா கேப்பாரு…" சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"இல்ல, இது வேலைக் கதைதானே."

"அந்த வெள்ளைக்காரனும் டியூட்டிக்கு வந்த அடுத்த நேர்ஸ்தான். அவனுக்கு உங்கட வார்ட்டப் பத்தி ஒரு மண்ணும் தெரியா. நீங்க சொல்லாம விட்டா கட்டில்ல கிடக்கிற ஆள் செத்துப்போவான். வீடு கேட்டா வீட்டைப் பாரம் குடுங்க. ஊர் கேட்டா ஊரைப் பாரம் குடுங்க."

அன்னப்பூரணி கைப்பையை மேசையில் வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில் தொடங்கினாள். அடுப்படிக் கூரை ஒழுகுகிற இடம், அதற்குக் கீழே வைக்கிற சட்டி, சுவரில் சுனாமித் தண்ணி நின்ற அடையாளம், அதற்கு மேலே பெயின்ற் அடிக்க மனம் வராதது என்று ஒவ்வொன்றாக வந்தது. சிவப்பு முள் இரண்டாவது சுற்றை முடித்ததை இருவருமே கவனிக்கவில்லை.

*

சோதனை கொழும்பில். எழுத்துப் பகுதி சனிக்கிழமை, பேச்சு ஞாயிறு காலை. போன தரம் அன்னப்பூரணி மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து, மட்டக்களப்பிலிருந்து ஒரு குமர்ப்பிள்ளையோடு எதற்கு வந்தாய் என்று இரண்டு பேரையும் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய் விடியும்வரை மரவாங்கில் இருத்தி வைத்தார்கள். அந்தத் தூக்கமில்லாத கண்ணோடு போய்த்தான் அரைப் புள்ளியைத் தொலைத்தாள்.

"இந்த முறை தனியப் போங்க. புள்ள என்னோட இரிக்கட்டும்" என்றாள் தெய்வமணி. அன்னப்பூரணி கேட்காமல், தானாகவே சொன்னாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அன்னப்பூரணி வியாழக்கிழமை பஸ் ஏறினாள். சுவேந்தினி பள்ளிக்கூடப் பையோடு தெய்வமணி வீட்டுக்கு வந்தாள். நல்ல பிள்ளை. இருக்கிற இடம் தெரியாது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து, மழையில் நனைந்த தன் வெள்ளைச் சப்பாத்தைக் கழுவி, பூச்சுப் பூசி, வாசல் படியில் காயவைத்துவிட்டு உள்ளே போனாள். தெய்வமணி அன்றைக்கு வகுப்பை நிறுத்தியிருந்தாள். அடுத்த கிழமைப் பாடத்துக்காகக் கேட்டல் கசற்றைப் போட்டுவிட்டு, சாய்மனைக் கதிரையில் கால் நீட்டினாள். கசற்றில் ஒரு வெள்ளைக்காரி, நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யாருக்கோ பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

வேலிப் படலையடியில் வான் வண்டி ஒன்று வந்து நின்றது. ஆட்கள் இறங்கிக் கதைக்கிற சத்தம். "இது எங்கட டீச்சர்ர வீடு. நான் கேட்டுக்கிட்டு வாறன், நீங்க நில்லுங்க" என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலைத் தெய்வமணிக்குத் தெரியும் போலிருந்தது.

உள்ளே வந்தவனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். தோளில் துவக்கு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் விறாந்தையில் ஏறினான்.

"டீச்சர், நான் ஜீவராசா."

"தெரியுது மனே. சீதேவியக்காட மகன்."

கடற்கரைப் பக்கம் இடியப்பம் அவித்து விற்கிற சீதேவியின் ஒரே மகன். இரண்டு வருசத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் அவளுடைய வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன். போன வருசம் சந்தையடியில் வைத்துத் துவக்குக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். சீதேவி மூன்று நாள் அவர்களுடைய முகாம் வாசலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"உள்ள ஆரு கதைக்கிற?"

"அது கசற். பாடம்."

"இன்னம் இங்கிலீசுதான் படிப்பிக்கிறீங்களா?" அவன் மெல்லச் சிரித்தான். "நான் முப்பதுக்கு மேல எடுத்ததே இல்ல." பிறகு சிரிப்பை விட்டுவிட்டான். "டீச்சர், வீட்டில ஆராரு இரிக்கிறீங்க?"

உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அதே கேள்விதான். துவக்கோடு வந்திருந்தது.

"நான் மட்டும்தான்" என்றாள் தெய்வமணி. ஊர் வழக்கப்படி அவ்வளவு போதும்.

ஜீவராசா வாசலைப் பார்த்தான். அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில், ஈரம் காயாத ஒரு சோடிச் சின்னச் சப்பாத்து சுவரில் சாய்ந்து நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒற்றைச் சொல் பதில் செத்துவிட்டது. இனி இவன் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கு என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவன் வாயைத் திறப்பதற்குள் எதையாவது சொல்லியாக வேண்டும். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் மனே" என்றாள்.

அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அது தானாக வந்தது.

"குலேந்திரன் எண்டு பேரு. உன்னை மாதிரித்தான், இங்கிலீசு ஓடாது. தொண்ணூறாம் ஆண்டு, சோதினைக்குக் கிட்டவாத்தான் இயக்கத்துக்குப் போனான். அவன ஆரும் பிடிச்சுக்கிட்டுப் போகல்ல, தானாப் போனான். சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டு வாறன் அக்கா எண்டு சொன்னான். நான் அடுப்படியில மீன் வெட்டிக்கிட்டு நிண்டன். கிறுகித் திரும்பிப் பாக்கல்ல. வரக்குள்ள செத்தல் மிளகாய் கொஞ்சம் வாங்கிட்டு வா எண்டு மட்டும் சொன்னன். அவனோட நான் கதைச்ச கடைசிக் கதை அதுதான். செத்தல் மிளகாய். அவன்ட சப்பாத்து அந்த வாசல்லதான் கிடந்தது. அம்மா கிழமைக்குக் கிழமை அதக் கழுவி, வெள்ளை பூசி, வெயில்ல வைப்பா. மழை வந்தா ஓடிப்போய் எடுப்பா. ரெண்டு வருசம் இப்படிச் செய்தா. ஒரு நாள் எனக்குப் பொறுக்க ஏலாமப் போய், அம்மா, அவனுக்குக் கால் வளந்திரிக்கும், இது இனி அளவு வராது எண்டு சொல்லிட்டன். என்னோட கதைக்கிறத விட்டிட்டா. சப்பாத்தக் கழுவுறதயும் விட்டிட்டா. மறுகா கொஞ்ச நாள்ல அவவும் போயிட்டா."

மூச்சு வாங்கியது. நிறுத்தக் கூடாது. உள்ளே கசற் முடிந்து டக் என்று நின்றது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"அவன் எங்க விழுந்தான் எண்டு எனக்குத் தெரியா மனே. ஒராள் வாகரை எண்டான், ஒராள் வன்னி எண்டான். ஒரு துண்டுக் கடதாசி வரல்ல. எல்லாருக்கும் நான் கட்டாருல எண்டுதான் சொல்லுறன். பதினாறு வருசமாச் சொல்லுறன். பதினாறு வருசமா ஒருத்தன் கட்டாருல இருந்து அக்காவுக்கு ஒரு கோல் எடுக்காம இருப்பானா எண்டு ஒருத்தரும் கேட்டதில்ல. கேக்கமாட்டாங்க. அவங்கட வீட்டிலயும் ஒராள் கட்டாருல. உன்ட அம்மா அந்தக் கேற்றடியில கிடந்தா எண்டு கேள்விப்பட்டன். நான் போய்ப் பாக்கல்ல. போகப் பயம். பக்கத்தில இரிக்கிற ரோட்டு, நான் போகல்ல. ஒரு டீச்சர் செய்யிற வேலையா அது? நீ கடைசி வாங்கில இருந்து ஜன்னலால வாவியப் பாத்துக்கிட்டு இருப்பாய், நான் சோக்குக் கட்டியால எறிவன். இப்ப நினைச்சா, பாத்துக்கிட்டு இரிக்கட்டும் எண்டு விட்டிருக்கலாம்…"

"போதும் டீச்சர்" என்றான் ஜீவராசா.

அவள் நிறுத்தினாள். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வானில் இருந்தவன் ஹோர்ன் அடித்தான்.

ஜீவராசா படியில் இறங்கிச் செருப்பை மாட்டினான். பிறகு குனிந்து அந்தச் சப்பாத்துகளை எடுத்து, பூச்சு கையில் ஒட்டாமல் பின்பக்கத்தால் பிடித்து, அவளிடம் நீட்டினான்.

"உள்ளுக்கு வைங்க டீச்சர். ரோட்டுக்குத் தெரியுது." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு இந்தப் பக்கம் வேற ஆக்கள் வருவாங்க. நான் வரமாட்டன்" என்றான்.

படலையைச் சாத்திக்கொண்டு போனான். "கிழவி தனியத்தான் இரிக்கி. வாய் ஓயுதில்ல" என்று அவன் வெளியே சொன்னதும், மற்றவர்கள் சிரித்ததும் கேட்டது. நாற்பத்தொரு வயதில் கிழவி ஆக்கிவிட்டான் என்று தெய்வமணிக்கு ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அழுகையும் வந்தது.

*

விடிய, தெய்வமணியும் சுவேந்தினியும் கொழும்புக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். பாலத்துச் சென்றியில் சிப்பாய் சுவேந்தினியைக் காட்டி, யார் என்று கேட்டான்.

"மகள்" என்றாள் தெய்வமணி.

ஒரு சொல். நீட்டாத பொய். அவன் போகச் சொன்னான். வெலிக்கந்தையிலும் அதையே சொன்னாள், அதற்கு அப்பாலும் இறங்கி ஏறிய ஒவ்வொரு இடத்திலும் அதையே சொன்னாள். கொழும்பு வருவதற்குள் அவளுக்கே அது பழகிவிட்டது.

வெள்ளவத்தையில் தெய்வமணியோடு படித்த ஒருத்தி இருந்தாள். அங்கே தங்கினார்கள். அன்னப்பூரணி இருந்த லொட்ஜ் நடந்து போகிற தூரம்தான். தெய்வமணி செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது சுவேந்தினி அவள் கையைப் பிடித்தாள்.

"இப்ப வேணாம் டீச்சர். என்னக் கண்டா அம்மா என்ன நடந்த எண்டு கேப்பா. மறுகா சோதினையில ஒண்டும் வராது. முடியட்டும்."

பதினைந்து வயதுப் பிள்ளை, தாய் நாலு தெரு தள்ளி இருக்கிறாள் என்று தெரிந்தும் போகாமல் இருந்தது. தெய்வமணி செருப்பைக் கழற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை நடந்த கட்டடத்துக்கு எதிரே, ஒரு மருதமரத்தின் கீழ் இருவரும் நின்றார்கள். அன்னப்பூரணி வெளியே வந்தாள். முகத்தில் வெயில் பட்டது. மகளைக் கண்டதும் றோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் குறுக்கே ஓடி வந்தாள். மகளின் தலையை, தோளை, கையைத் தடவிப் பார்த்தாள். வார்ட்டில் காயம் தேடுகிற மாதிரித்தான் தேடினாள்.

"ஏன் டீச்சர் கூட்டிக்கிட்டு வந்தீங்க? என்ன நடந்த?"

"சும்மாதான்" என்றாள் தெய்வமணி.

அன்னப்பூரணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், ரெண்டு நிமிசம் சொல்லுங்க" என்றாள்.

தன்னிடம் இருந்த இரண்டு நிமிடத்தைத் தெய்வமணி வெள்ளிக்கிழமையே செலவழித்துவிட்டாள். "நீங்க முதல்ல சொல்லுங்க. என்ன கேட்டாங்க?" என்றாள்.

"அடிக்கடி போற ஒரு இடம். பாலத்தப் பாரம் குடுத்தன் டீச்சர். மழையில வரிசையில நிக்கிறதில இருந்து, கீழ தோணிக்காரர் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறது வரைக்கும். சோதிச்ச மனிசிதான் போதும் எண்டு கையக் காட்டி நிப்பாட்டினா."

*

பேச்சில் ஏழு வந்தது. மற்ற மூன்றிலும் குறையவில்லை. அதன் பிறகு அன்னப்பூரணி மகளைக் கல்லடிக்குக் கொண்டுவரவே இல்லை. வெள்ளவத்தையில் விட்டுவிட்டு, தான் மட்டும் வந்து வீட்டை ஒப்படைத்து, வார்ட்டில் கடைசித் தரமாகக் கட்டில் கட்டிலாகச் சொல்லிவிட்டுப் போனாள். மாசி மாதத்தில் இருவரும் விமானம் ஏறினார்கள். சுவேந்தினி அங்கேயிருந்து கோல் எடுத்து, குளிர், பள்ளிக்கூடம், பஸ், பக்கத்து வீட்டுப் பூனை என்று மூச்சு விடாமல் கதைத்தாள். இருக்கிற இடம் தெரியாத பிள்ளை. தெய்வமணி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாலு மணிக்குச் செருப்புகள் வந்து விழுந்தன. றவூப் "சோறு" என்பதிலிருந்து "சோறும் மீனும்" என்பது வரைக்கும் முன்னேறியிருந்தான். வாகரை ஆமியிடம் விழுந்தது, வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைச் சனம் அகதியாக வந்து பள்ளிக்கூடங்களை நிறைத்தது. வகுப்பறையில் குடும்பங்கள் சமைத்தன. தெய்வமணி மரத்தடியில் படிப்பித்தாள். வான்கள் வரும்போதெல்லாம் ஜீவராசா இருக்கிறானா என்று பார்ப்பாள். ஒன்றிலும் அவனைக் காணவில்லை. யாரிடமாவது கேட்கலாம். ஆனால் கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்பார்கள்.

சித்திரை வருசம் கழிந்து ஒரு ஞாயிறு காலையில், இடியப்பம் வாங்குகிற சாட்டில் கடற்கரைப் பக்கம் போனாள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த தகர வீட்டின் முன்னால் சீதேவி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொடியில் ஆண்பிள்ளைச் சேட்டு இரண்டு தோய்த்துக் காயப்போட்டிருந்தது.

தெய்வமணிக்கு நெஞ்சு கொஞ்சம் இலேசானது. "தம்பி வந்திரிக்கானா அக்கா?" என்று கேட்டாள்.

சீதேவி அடுக்குகிற கையை நிறுத்தவில்லை. "இல்ல டீச்சர். சும்மா பெட்டிக்குள்ள கிடந்தா பூச்சி அரிக்கும் எண்டு தோய்ச்சுப் போட்டன்."

"எங்க அவன்?"

"கட்டாருக்குப் போயிட்டான்" என்றாள் சீதேவி.

அலை வந்து அடித்துத் திரும்புகிற சத்தம் கேட்டது. தெய்வமணி அங்கே கிடந்த வாங்கில் இருந்தாள். எப்போது, யார் சொன்னது, அந்த வெள்ளிக்கிழமையால்தானா, அவன் மறைத்தது தெரிந்துதானா என்று நெஞ்சு முழுக்கக் கேள்வி. ஒன்றையும் கேட்க முடியவில்லை. கேட்டால் அந்தத் தாய்க்கு இருக்கிற ஒரே பதிலையும் பறித்துக்கொள்வதாகும். உன் மகன் ஒரு பிள்ளையைக் காப்பாற்றினான் என்று சொல்லலாம் என்றால், அதைக் கேட்டு அவள் என்ன செய்வாள்?

"எண்ட தம்பியும் அங்கதான் அக்கா இரிக்கான்" என்றாள் தெய்வமணி.

சீதேவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் வாங்கில் வந்து இருந்தாள்.

"அப்ப ரெண்டு பேரும் கண்டிருப்பாங்க" என்றாள்.